மேடையில் வந்த வெட்கம்

"பொண்ணு பாக்க வந்திருக்காங்க, வெறைப்பா நிக்கிறியே! வெக்கப்படு இலக்கியா!"

ஒத்திகை முழுக்கத் தமிழ் டீச்சர் கத்திப் பார்த்தார். பிளஸ் டூ இலக்கியாவுக்கு வெட்கம் வரவே இல்லை.

ஆண்டு விழா அன்று திரை விலகும் முன், மாப்பிள்ளை வேடம் போட்ட ஜெரால்டு அவள் காதருகே சொன்னான்.

"ஒன்னைய எனக்கு நெசமாவே பிடிக்கும்."

மேடையில் அவள் தலை நிமிரவில்லை. நீட்டிய தட்டில் காபி சிந்தியது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

நாடகம் முடிந்ததும், கீரனூரிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி இலக்கியாவின் அப்பாவிடம் பேசியது ஜெரால்டுக்குக் கேட்டது.

"போட்டோவுல பாத்தப்ப திமிரு புடிச்ச பொண்ணோன்னு யோசிச்சோங்க. என்னா வெக்கம்! இனி வீட்டுக்கு வேற வந்து பாக்கணுமா? பரீச்சை முடியட்டும், எங்க மகனுக்கே முடிச்சிருவோம்."