மூன்றாவது வரிசை மனிதர்

பேஸ்பால் மைதானத்தின் வலைக்குப் பின்னால், மூன்றாவது வரிசையில், அந்த மனிதர் இன்றும் வந்து உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் கோல்பியின் விரல்கள் பந்தின் தையல் மேல் மரத்துப்போயின.

எறிந்தான். பந்து கேட்சரின் தலைக்கு மேலே பறந்து வலையில் மோதியது. கூட்டம் கேலி செய்தது. அவர் மட்டும் அசையவில்லை.

கேட்சர் ரெய்னால்டோ முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவனிடம் வந்தான். "எங்கடா பாக்குற? என் கையுறையைப் பாரு. இப்படியே போனா மேல பறக்குற புறாவெல்லாம் ஹெல்மெட் கேக்கும்" என்றான்.

கோல்பிக்குச் சிரிப்பு வரவில்லை. கையுறைக்கு நேர் பின்னால்தான் அந்த முகம் இருந்தது.

அவர் பெயர் ஸ்டக்கி. பள்ளி இறுதியாட்டத்தில் கோல்பி எறிந்த பந்து அவர் மகன் எல்லிஸின் நெற்றிப்பொட்டில் பட்டது. பையன் பிழைத்தான், பார்வை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய கோல்பியை அவனுடைய ஏஜென்ட் தடுத்தார். வழக்கு ஏதாவது வந்துவிடப்போகிறது, பெரிய லீக் அணிகள் ஆள் எடுக்கும் நாள் முதலில் முடியட்டும் என்றார்.

அந்த நாளில் நாட்டிலேயே நான்காவதாகக் கோல்பியின் பெயரை வாசித்தார்கள். அதன் பிறகு போக அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எடுத்தவர்கள் அவனை முதலில் இந்தச் சிற்றூர் அணிக்கு அனுப்பினார்கள்; இங்கே தேறினால்தான் பெரிய லீக். ஆனால் இங்கே ஆடிய முதல் நாளே ஸ்டக்கி வந்துவிட்டார். இரண்டு கோடையாக இந்த மைதானத்தில் ஓர் ஆட்டத்தைக்கூட அவர் விடவில்லை. தனியாகத்தான் உட்காருவார். வேர்க்கடலை மட்டும் இரண்டு பொட்டலம் வாங்குவார்; ஒன்றை எடுத்துக்கொண்டு பாதி ஆட்டத்தில் வெளியே போவார், வெறுங்கையோடு திரும்புவார்.

பழி தீர்க்கத்தான் வருகிறார் என்று கோல்பி நினைத்தான். கனவில்கூட அந்த மூன்றாவது வரிசை வந்தது.

ஆட்டம் முடிந்ததும் மேனேஜர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்தப்பட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் வெளியே வந்தபோது, அலமாரிக்கு மேலே அவன் பெயரெழுதி ஒட்டியிருந்த வெள்ளை நாடா இல்லை. ரெய்னால்டோ அவன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிவிட்டான்.

மைதானம் காலியாகிக்கொண்டிருந்தது. கோல்பி படியேறி மூன்றாவது வரிசைக்குப் போனான்.

"சார், என்னை அணியை விட்டு அனுப்பிட்டாங்க. இனிமே நீங்க வரவேண்டாம்" என்றான். "அன்னிக்கே வந்து மன்னிப்பு கேட்டிருக்கணும். பயந்துட்டேன்."

ஸ்டக்கி தொப்பியைக் கழற்றினார்.

"என்னைப் பாத்தா உனக்குத் தெம்பா இருக்கும்னு நெனச்சோமே, தம்பி" என்றார். "எல்லிஸுக்குக் கூட்டச் சத்தம் ஆகாது. வெளியே கார்ல உக்காந்து ரேடியோவுல உன் ஆட்டத்தைக் கேப்பான், நீ ஜெயிக்கணும்னு ஜெபம் பண்ணுவான்."

கோல்பி பையை இறக்கி வைத்தான்.

"உன்மேல எங்களுக்குக் கோபம் இல்லைன்னு உனக்குத் தெரியணுமாம். உன் கண்ணுல படுற இடத்துல என்னை உக்காரச் சொன்னதே அவன்தான்."