வாசிப்பு நேரத்தில் ஒரு சாவு

கோமளவல்லியின் வீடு காலை பத்து முதல் மாலை ஐந்து வரை நூலகம், அப்புறம் இரவு பத்து வரை கடை, மீதி நேரம்தான் வீடு. அந்த ஏழு மாடி அடுக்ககத்தில் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான் அனுமதி கிடைத்திருந்தது. அவள் கணவர் தணிகாசலம் பகல் பதினொரு மணிக்குக் கூடத்திலேயே செத்துப்போனார். வாய்விட்டு அழுதவளிடம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஓடிவந்து கிசுகிசுத்தார்.

"மெதுவாக்கா. நாலு பேர் படிக்கிறாங்க."

"பொணத்தப் பக்கத்துல வச்சுக்கிட்டா?"

"அதான் கவனம் சிதறுதாம். அஞ்சு மணிக்கு மேல அழுங்களேன்."

"அப்ப கடைக்கு ஆளு வருமே."

"ஆமால்ல. அப்ப பத்துக்கு மேல வச்சுக்கலாம்."

"சரி தம்பி. அதுவரைக்கும் இவரையும் வாசகர்னு எழுதிக்கங்க."

செயலாளர் பதிவேட்டைத் திறந்தார். "உறுப்பினர் எண் சொல்லுங்கக்கா."

கோமளவல்லி முடியை அவிழ்த்துவிட்டு, மார்பில் அடித்துக்கொண்டு வைத்த ஒப்பாரியில் ஏழு மாடியிலும் புத்தகங்கள் மூடிக்கொண்டன.