வெறும் அட்டைதானே!

“அதை வாங்காதீங்க சார்!”

பொம்மைக் கடையில் ஒரு பெரிய பெட்டியோடு பில் போடப் போன கணவனும் மனைவியும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். பின்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பந்து வாங்க வந்தவர். கேட்காமலே புத்தி சொல்வது அவருக்குக் கைவந்த கலை.

“இல்ல சார், எங்க அக்கா பொண்ணு ரொம்ப ஆசைப்பட்டா...” என்று இழுத்தான் கணவன்.

“உள்ளே என்ன இருக்குன்னு தெரியுமா? அட்டை! வெறும் அட்டை! அதை மடிச்சு, சொருகிப் பியானோ செய்யணுமாம். வீட்டுல இருக்கிற கேம் மெஷினை அதுல வச்சா வாசிக்குமாம். அட்டைக்கு இந்த விலையா? அநியாயத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

“சார், கொஞ்சம் மெதுவா...” என்று கெஞ்சினாள் கவுண்டரில் இருந்த கடைப்பெண். வந்த வியாபாரம் கை நழுவிப் போகிற கவலை அவளுக்கு.

“ஏன் மெதுவா? இருபது வருஷமா அட்டைப்பெட்டி கம்பெனியில இருக்கேன்மா. என் கட்டைவிரல் பட்டா அட்டை தன் ஜாதகத்தையே சொல்லிடும்!”

அதில் பொய்யில்லை. அவர் மூலையை அழுத்திப் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு பெட்டிகூட லாரி ஏறாது. வீட்டுக்குப் பார்சல் வந்தாலும் முதலில் பெட்டியைத்தான் தட்டிப் பார்ப்பார். உள்ளே என்ன வந்திருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

“என் பொண்ணும் இதைத்தான் கேட்டா. அஞ்சாம் கிளாஸ் படிக்கிறா. ‘போடி, நான் இருக்கும்போது அட்டையைக் காசு கொடுத்து வாங்கறதா’ன்னுட்டேன். இதே கடைக்கு வந்து, பெட்டி மேல இருக்கிற படத்தைச் சாண் போட்டு அளந்துக்கிட்டேன். கம்பெனியில கேட்டு, வெட்டினது போக மிச்ச அட்டையை வாங்கிட்டு வந்தேன். மூணே ஞாயிற்றுக்கிழமை. பியானோ ரெடி!”

“வாசிச்சுதா?” என்று கேட்டாள் மனைவி.

அவர் கொஞ்சம் தடுமாறினார். முதல் நாள் அந்தப் பியானோ கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பார்த்தார். ம்ஹும். பெற்ற மகள் முன்னால் அப்படி அவமானப்பட்டு நின்றதே இல்லை. நல்லவேளை, காரணத்தை அவளே கண்டுபிடித்துவிட்டாள்.

“முதல்ல வாசிக்கலை. என் பொண்ணு கெட்டிக்காரி. ‘அப்பா, உள்ளே பசை காயலை. ரெண்டு நாள் தொடாம விடுங்க’ன்னா. விட்டேன். மூணாம் நாள் வேலை முடிஞ்சு வர்றேன், வாசல்லயே கேக்குது பாட்டு! தெருவே வந்து பார்த்துட்டுப் போச்சு!”

“பசைக்கும் பாட்டுக்கும் என்ன சார் சம்பந்தம்?”

“அட்டை சமாச்சாரம் உங்களுக்குப் புரியாது, விடுங்க.”

கடைப்பெண் அவரையே உற்றுப் பார்த்தாள். பிறகு குனிந்து, கவுண்டருக்கு அடியிலிருந்து ஒரு கட்டு அட்டையை எடுத்து மேலே வைத்தாள்.

“சார், இவ்வளவு தெரிஞ்சவரா இருக்கீங்க. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

அவர் அழுத்தினார். சுண்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“பொய் சொல்லக் கூடாது, முதல் தரம். மடிப்புக் கோடு எவ்வளவு சுத்தமா விழுந்திருக்கு பாருங்க. ஏம்மா, இது அந்தப் பியானோ அட்டைதானே? ஒரு துண்டுகூடப் பிரிக்கலையே!”

“வாங்கினவங்களே விட்டுட்டுப் போயிட்டாங்க சார். பெட்டிக்குள்ள ஒரு சின்ன கார்டும் கட்டையில ஒட்டற பளபள ஸ்டிக்கரும் இருக்கும். அதை மட்டும் எடுத்துக்கிட்டா ஒரு சின்னப் பொண்ணு. அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்கலை.”

அவருக்கு வந்ததே கோபம்!

“எந்த வீட்டுப் பிள்ளை அது? இப்படியா காசைக் கரியாக்கும்? அதைச் சொல்லிக் குத்தமில்லை. பெத்தவன் சரியில்லை! அவனை முதல்ல நிக்க வச்சு நாலு கேள்வி கேக்கணும்!”

கடைப்பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“அந்தக் கார்டைக் கேம் மெஷின்ல சொருகாம பியானோ வாசிக்காது சார். பாட்டெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. அவங்க அத்தை கொடுத்த பிறந்தநாள் காசாம். அம்மாவோட வந்து வாங்கினா. ‘அட்டையையும் எடுத்துட்டுப் போம்மா’ன்னேன். ‘வேண்டாம் அக்கா, எங்க அப்பா ஏற்கெனவே செஞ்சுட்டாரு. இதை வீட்டுல பார்த்தா அவர் முகம் வாடிடும். பசை காயலைன்னு சொல்லிச் சமாளிச்சு வச்சிருக்கேன்’னா.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. இருபது வருஷமாக விதவிதமான அட்டையைப் பார்த்த கை, அந்த ஒரு அட்டைக்கட்டைக் கீழே வைக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

கணவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். “இப்பச் சொல்லுங்க சார். வாங்கலாமா, வேண்டாமா?”

“வாங்குங்க சார், தாராளமா வாங்குங்க” என்று முணுமுணுத்துவிட்டு நடந்தார். பந்து வாங்க வந்ததே மறந்துபோயிற்று.

வாசல் வரை போனவர் விறுவிறுவென்று திரும்பி வந்தார்.

“ஏம்மா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவகிட்ட மூச்சு விட்டுடாதே.”

“சத்தியமா சொல்ல மாட்டேன் சார். ஆனா நீங்களும் இனிமே ஊரெல்லாம் பெருமை அடிக்காம இருக்கணும்.”

“ஐயையோ, அதெப்படி? நிறுத்திட்டா அவளுக்குச் சந்தேகம் வந்துடுமே!”