பதினான்காம் பதிப்புக்குப் பிறகு

கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் அந்த இலவச மென்பொருளை அவள் ஒன்பது வருடங்களாகச் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தாள். குழந்தை பிறக்கப் போகிறது, இனி முடியாது என்று கணவனிடம் சொல்லிவிட்டாள். காலையில், அடுத்தடுத்த பதிப்புகளுக்கான வெளியீட்டுத் திட்டக் கோப்பைத் திறந்து, "பதினான்காம் பதிப்போடு நான் விலகுகிறேன்" என்று கடைசி வரியாக எழுதினாள்.

மதியம் பார்த்தபோது அந்த வரி இல்லை. அதன் இடத்தில் பதினைந்தாம் பதிப்புக்கான புதிய வசதிகள் வரிசையாக இருந்தன. 'பொறுப்பு' என்ற கட்டத்தில் அவள் பெயர்.

மென்பொருளில் அவளோடு கூட வேலை செய்பவனுக்குப் போன் போட்டாள். "நீயாடா மாத்தினே?"

"நான் தொடவே இல்லக்கா. உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து மாத்தினதாத்தான் காட்டுது."

அழித்தாள், திரும்ப வந்தது. இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டு அழித்தாள். திட்டம் நாற்பதாம் பதிப்பு வரை நீண்டுவிட்டது.

"சாப்பிட வாயேன். அதான் விட்டாச்சுன்னியே!" என்று கணவன் உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

"இதோ வரேங்க."

முப்பத்துமூன்றாம் பதிப்பிலிருந்து பொறுப்புக் கட்டத்தில் வேறொரு பெயர் இருந்தது. முந்தின நாள் வயிற்றைத் தடவியபடி அவள் மனதுக்குள் மட்டும் சொல்லிப் பார்த்த பெயர். கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பெயரை ஒவ்வொரு வரியிலும் அழித்துவிட்டு, நாற்பதாம் பதிப்பு வரை தன் பெயரையே எழுதிச் சேமித்தாள். கோப்பை மூடித் திறந்து பார்த்தாள்.

இந்த முறை எதுவும் மாறவில்லை.