மேலறை

யார் வளை தோண்டினாலும் செவந்தி எலி போய் உட்கார்ந்து கவனிக்கும்.

"ஊரார் வளையையே பார்த்துக்கிட்டிருக்கியே, உனக்கு வேற வேலை இல்லையா?" என்று முள்ளம்பன்றி கேட்டது.

"இதுதான் என் வேலை. நண்டும் உடும்பும் பேசி வச்சுக்காமலே ஒரே மாதிரி தோண்டியிருக்கு. வெள்ளம் வந்தா ஏறிக்க, பாதைக்கு மேலே ஒரு சின்ன அறை. அதுக்கு 'மேலறை'ன்னு பேர் வச்சிருக்கேன்."

"பேர் வச்சா வயிறு நிறையுமா?" என்று முள்ளம்பன்றி சிரித்தது. செவந்தி அசரவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் மேலறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஐப்பசியில் அடைமழை கொட்டியது. முள்ளம்பன்றியின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே குட்டிகள் அலறின.

"ஐயோ, என் பிள்ளைங்க!"

"மேலறை!" என்று கத்தியது செவந்தி.

என்ன, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. முள்ளம்பன்றி உள்ளே பாய்ந்து மேல்பக்கமாகத் தோண்டியது. பின்னாலேயே நுழைந்த உடும்பு மண்ணை வாரித் தள்ளியது. குட்டிகள் மேலே ஏறிக்கொண்டன. தண்ணீர் அறைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

மழை விட்டதும், புதிதாகக் குடிவந்த கீரி ஆச்சரியப்பட்டது. "யார் சொல்லிக் கொடுத்த வித்தை இது?"

"மேலறையா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே!" என்றது முள்ளம்பன்றி.

தான் வைத்த பேர் எல்லார் வாயிலும் வந்துவிட்டதே என்று பக்கத்தில் இருந்த செவந்திக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை நீவிக்கொண்டு, அடுத்த வளையைப் பார்க்கக் கிளம்பியது.