இரண்டு ஐஸ் தொட்டிகள்

"ரெண்டு தொட்டி என்னத்துக்கு? எத்தினை பேர் மௌத்து?" என்று கேட்டார் பக்கீர். கோடரியின் பின்புறத்தால் ஐஸ் கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தார். திருகோணமலைத் துறைமுகத்து ஐஸ் ஆலையில், ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கக்கூடிய இரண்டு மீன் தொட்டிகள் விளிம்புவரை நிரம்பிக்கொண்டிருந்தன.

"இன்னும் ஆரும் சாகேல்லை, நானா," என்றான் நிக்கலஸ். அண்ணன் பேணாட்டின் பக்கம் கண்ணைக் காட்டினான். "இனித்தான்."

பேணாட் காறித் துப்பினான்.

சங்கதி இதுதான். அயர்லாந்துக்காரன் டோனல் தன் ஊரில் அலைச்சறுக்குப் பழக்கும் பள்ளி ஒன்று தொடங்குகிறான். கடலில் தத்தளிப்பவர்களை இழுத்து வர ஒரு ஆள் வேண்டும். மாரிகால அலையில் பலகை ஏறி நிற்க உப்புவெளியில் இந்த அண்ணன் தம்பியை விட்டால் ஆளில்லை. ஆனால் விசா ஒருவனுக்குத்தான்.

"எங்கள் மார்கழிக் கடலும் இந்தத் தொட்டியும் ஒன்று," என்று ஆங்கிலத்தில் சொன்னான் டோனல். "குளிருக்கு என்ன உடுப்பது என்று தெரியாதவனைக் கூட்டிப்போய் நான் புதைக்கமாட்டேன். ஆளுக்கொரு பெட்டி, உள்ளே றப்பர் உடுப்புகள். வேண்டியதை எடுத்து உடுத்துக்கொண்டு தொட்டியில் இறங்குங்கள். முதலில் எழும்புகிறவன் இங்கேயே மீன் பிடிக்கலாம்."

பெட்டிகள் வலைக் கொட்டிலில் கிடந்தன. ஒவ்வொரு சாமானிலும் ஆங்கிலத்தில் எழுதிய துண்டு தொங்கியது. நிக்கலஸுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. பேணாட்டுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன், எழுபத்தேழில், பேணாட்டுக்குத் துறைமுக வேலைக்கு ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. அண்ணன் உத்தியோகக்காரன் ஆகிவிடுவானே என்ற வயிற்றெரிச்சலில், எட்டாந் திகதி நேர்முகப் பரீட்சையைப் பதினெட்டு என்று வாசித்துக் காட்டினான் நிக்கலஸ். "துறைமுகக் கந்தோர்க்காரன் பிழையா எழுதிப்போட்டான்," என்று வேலை கைவிட்டுப் போன பிறகு சமாளித்தான். பேணாட் ஒன்றும் கேட்கவில்லை. அன்றோடு பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டான்.

இன்று அவனே வாய் திறந்தான். "இதில என்ன எழுதிக் கிடக்கு?"

நிக்கலஸுக்கு உள்ளே குளிர்ந்தது.

"தடிச்ச உடுப்பைத் தொடாதை. தண்ணியைக் குடிச்சுக் கல்லு மாதிரிப் பாரமாகுமாம். மெல்லிய றப்பரை எடு. அதுவும் பெரிய அளவா, தொளதொள எண்டு போடு. இறுக்கினால் ரத்தம் ஓடாது."

"ம்."

"றப்பர்த் தலைமூடி வேண்டாம். காது அடைச்சுப் போகும்."

"ம். கையுறை?"

"வழுக்குமெண்டு போட்டிருக்கு. விடு."

மிஞ்சியது றப்பர்ச் சப்பாத்து. அடுத்த பொய்க்கு வாயெடுத்த நிக்கலஸின் கண் அண்ணனின் காலில் விழுந்தது. குதிக்காலில் நீளமாக ஒரு தழும்பு. ஏழு வயது நிக்கலஸைத் தோளில் சுமந்துகொண்டு கடற்கரையின் கூரான முருகைக்கல்லில் ஓடிவந்த அன்று கிழித்தது.

"சப்பாத்தை மட்டும் கட்டாயம் போடு, அண்ணை," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "முதல்ல கால்தான் விறைக்குமாம். அதில்லாமல் இறங்கிப்போடாதை."

பேணாட் சப்பாத்தைப் பார்த்தான். தம்பியைப் பார்த்தான். "ம். நீ முதல் போ."

நிக்கலஸ் தடித்த உடுப்பை இறுக்கி ஏற்றி, தலைமூடி, கையுறை, சப்பாத்து எல்லாம் மாட்டிக்கொண்டு போய்த் தொட்டியில் இறங்கினான்.

"மூடி போடட்டோ? பழுதாகாமல் கிடப்பாய்," என்றார் பக்கீர்.

கொஞ்ச நேரத்தில் பின்பக்கத்துத் தொட்டியில் தண்ணீர் தளும்பியது. தலையைத் திருப்பிய நிக்கலஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. விளிம்புக்கு மேலே தெரிந்த அண்ணனின் தலையில் றப்பர்த் தலைமூடி. விளிம்பைப் பற்றியிருந்த கைகளில் கையுறை. தோளில் தடித்த றப்பர், தோலோடு தோலாக ஒட்டிக்கிடந்தது.

யார் வாசித்துக் காட்டியது? பக்கீருக்குத் தன் பெயரைத் தவிர எதுவும் எழுத வராது. டோனலோ தொட்டிப் பக்கத்தை விட்டு அசையவில்லை.

"என்ன முழிக்கிறாய்? குளிருதோ?" என்றான் பேணாட். "எழும்பிப் போ. வலை கிழிஞ்சு கிடக்கு, தைக்க ஆள் வேணும்."

"நீ எழும்பு. தைக்கிறதுக்குப் படிப்புத் தேவையில்லை."

பத்து நிமிடம் போனது. பதினைந்து. பேணாட்டின் வாய் அடங்கியது. இருபதாவது நிமிடம் அவன் விளிம்பைப் பிடித்துத் தன்னை வெளியே இழுத்துப் போட்டான். ஒரு அடி வைக்கப் பார்த்தான். வெட்டிய பனைபோலச் சீமெந்தில் சரிந்தான்.

டோனல் ஓடிவந்து அவன் காலைத் தூக்கினான். இரண்டும் வெறுங்கால். பாதம் சுண்ணாம்பாய் வெளுத்து, விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"உடுப்பு சரி, தலை சரி, கை சரி," என்று டோனல் நிக்கலஸைப் பார்த்துச் சீறினான். "இந்த மடையன் காலை மட்டும் ஏன் விட்டான்? கேள் அவனை."

நிக்கலஸ் தொட்டியிலிருந்து எழுந்து வந்தான். விசா அவனுக்குத்தான்.

"அண்ணை, சப்பாத்தை ஏன் போடேல்லை?"

பேணாட் பல் கிடுகிடுக்கத் தம்பியின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான்.

"நீ போடச் சொன்னபடியாத்தான்."