கம்ப்யூட்டருக்கு வராத அம்மன்

ஊர்க்கோயில் கொடைவிழா இந்த ஆண்டு டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டியில் மட்டுமே வெளியானது. தலைமுறை தலைமுறையாக முதல் மரியாதை பெறும் அணைந்தபெருமாளின் வீட்டிலோ கம்ப்யூட்டர்தான் இருந்தது. அதற்கு அம்மன் அடுத்த ஆண்டுதான் வருவாளாம்.

“அடுத்த வீட்டுல உங்க பங்காளி முத்துமாலைகிட்ட பெட்டி இருக்கு. வாங்க, போவோம்,” என்றாள் மனைவி பேச்சி.

“பரிவட்டம் கட்டுற தலை அவன் வாசல்ல குனியுமா?”

“அம்மனுக்கே அந்தப் பெட்டி போதும். உங்களுக்குப் போதாதாக்கும்,” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில், பூசாரி அவர் பெயரைக் கூப்பிடுவது சுவருக்கு அப்பால் பங்காளியின் பெட்டியிலிருந்து கேட்டது. பதில் வராவிட்டால் பரிவட்டம் பங்காளிக்குப் போய்விடும். அணைந்தபெருமாள் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “வந்துட்டேன் சாமி” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பூசாரி மறுபடியும் கூப்பிட்டார். இவர் இன்னும் உரக்கச் சொன்னார்.

பிறகு முத்துமாலையின் பெயர் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அதில் பேச்சியின் குரலும் இருந்தது.